குடிக்கொரு மரைக்கார்

இலங்கையின் கிழக்கே, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் குடி, அதாவது குலம், தாய்வழியே வரும். தாயின் குடியே பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார், அதாவது அறங்காவலர், இருப்பது இங்கு பழைய வழக்கம். ஊரில் தீர்மானம் எடுக்கும் இடத்தில் எல்லாக் குடியின் குரலும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆகவே ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவில் யார் அமர்கிறார்கள் என்ற கேள்வியை நாம் வெளியிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லை.

2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் அதை மறக்கவில்லை. இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது வழக்கம். மருமகன் அங்கு வந்து வாழ்பவர். ஆனால் மீள்கட்டிய வீடுகளில் பல 'குடும்பத் தலைவர்' என்ற கணக்கில் கணவரின் பெயருக்கே போயின. 1969 முதல் அக்கரைப்பற்றை ஆராய்ந்துவந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பெற்றீசியா லோறன்ஸுடன் சேர்ந்து சுனாமிக்குப் பிந்திய வீடும் சீதனமும் பற்றி 2010இல் எழுதினார். மதிப்புக்குரிய பணி. அதே கேள்வியைச் சாய்ந்தமருதின் இளம் விரிவுரையாளர் ஒருவர் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியமைப்பை அறிந்த ஒருவரும் இல்லாத ஆசிரியர் குழு அதைச் சிற்றூர்ச் செய்தி என்று திருப்பிவிடலாம். அல்லது பாதிக் கட்டுரையை அறிமுக விளக்கத்துக்கே செலவிடச் சொல்லலாம். எது ஆய்வுக்குரிய கேள்வி என்பது மதிப்பீட்டாளரைத் தெரிவுசெய்யும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

இனமுரண்பாட்டால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படிப்பைத் தொடர முடியாத முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் தொடங்கியதே இன்றைய தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் ஒலுவில் வளாகத்திலிருந்து இன்று 'கலம்' போன்ற ஆய்விதழ்கள் வருகின்றன. இடம் கிடைக்காதவர்கள் தமக்கென ஓர் இடத்தைக் கட்டியெழுப்பியது பெரிய காரியம். அதனாலேயே இப்பிராந்தியத்தில் இதழ் நடத்தும் நம் எல்லோருக்கும் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. தமிழர் ஊரான காரைதீவும் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதும் அடுத்தடுத்து இருப்பவை; உள்நாட்டில் சிங்கள விவசாயக் குடியேற்றங்கள். தண்ணீர், காணி, மீன்பிடி பற்றிய எந்த ஆய்வும் இம்மூன்று சமூகங்களையும் தொடாமல் போகாது. ஒரே ஊரின், ஒரே துறையின் ஆண்கள் மட்டும் அமர்ந்த குழு அந்த ஆய்வை முழுமையாக எடைபோட முடியாது.

ஆண்கள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். குடி பெண்வழி வந்தாலும் மரைக்கார் ஆணாகவே இருந்தார். ஆய்வுலகிலும் வீடுவீடாகப் போய்த் தரவு திரட்டுவோரில் பெண்கள் நிறைய. கட்டுரையை ஏற்பதா மறுப்பதா என்று தீர்ப்பவர்களில் குறைவு. பெண்களைக் காதி நீதவானாக நியமிக்க இடம் தராத 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிய கட்டுரையை ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானிப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

அட்டையின் உட்பக்கத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் பெயர்களை அடுக்குவதும் இதற்கு மருந்தல்ல. குழுவில் இருப்பவருக்குக் கட்டுரையைக் கையாளவும், மதிப்பீட்டாளரைத் தெரிவுசெய்யவும், தலைமை ஆசிரியரோடு முரண்படவும் அதிகாரம் வேண்டும். பதவிக்காலத்துக்கு எல்லை வேண்டும். தமிழில் எழுதிய கட்டுரையைத் தமிழிலேயே வாசித்து மதிப்பிடுபவர் வேண்டும்.

இவ்விதழின் அடுத்த ஆசிரியர் குழுவுக்கான பரிந்துரைகளை வாசகர்களிடமிருந்து கேட்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே பணிபுரியும் ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், மருத்துவமாதுகள் பெயர்களும் வரட்டும். தம் பெயரைத் தாமே முன்மொழிய விரும்பும் பெண் ஆய்வாளர்கள் தயங்காமல் எழுதுங்கள். வேறொருவரின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.