குடும்பக் கணக்கு: சொந்தத் தொழில் செய்வோர்க்கும் உபகாரச் சம்பளம்

சென்ற இதழில் பிள்ளைகளின் கல்விச் செலவைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தி ஒரு வினா எழுப்பினார். அவர் தாராவியில் பலகாரம் செய்து விற்பவர். பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வழியைச் சொன்ன நாம், படிக்க வைத்த பெற்றோர் அறுபது வயதுக்குப் பின் எதைக் கொண்டு வாழ்வது என்பதை ஏன் சொல்லவில்லை என்பதே அவ்வினா. நியாயமான வினா. ஆதலின் இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகின்றோம்.

மாதச் சம்பளம் பெறுவோர்க்கும் சொந்தத் தொழில் செய்வோர்க்கும் உள்ள பெரிய வேற்றுமை வருமானத்தின் அளவில் இல்லை, பிடித்தத்தில் உள்ளது. ரயில்வே ஊழியர்க்கு 1957 நவம்பர் 16 முதல் உபகாரச் சம்பளத் திட்டம் வந்தது. 2004 ஜனவரி 1 முதல் புதிதாய்ச் சேர்ந்தவர்கள், தாமும் மாதந்தோறும் பணம் செலுத்தும் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டனர். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்ற மற்றொரு வழியும் அவர்கட்குத் திறக்கப்பட்டது. திட்டங்கள் மாறினும் ஒன்று மாறவில்லை: சேமிப்புக்குரிய பணம் ஊழியரின் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுகிறது. கைக்கு வராத பணத்தை எவரும் செலவிட இயலாது. பெரிய தொழிற்சாலைகளில் பணிபுரிவோர்க்கும் 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இந்தக் காவலைத் தந்துள்ளது.

சொந்தத் தொழில் செய்பவர்க்கு அவ்வாறு பிடிப்பார் எவரும் இலர். விடியுமுன் இட்டிலிப் பானையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்படுபவர், முறுக்குச் சுற்றும் குடும்பத்தார், இஸ்திரிக் கடைக்காரர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுபவர், சமையற் குழு நடத்துபவர், வீணையோ வாய்ப்பாட்டோ சொல்லிக் கொடுக்கும் அம்மையார் ஆகிய இவர்கள் யாவரும் தமக்குத் தாமே முதலாளி. தமக்குத் தாமே தொழிலாளி. முதலாளி என்ற முறையில் தம் தொழிலாளிக்கு வைப்பு நிதி கட்டாமல் விட்டவரும் அவர்களே ஆகின்றனர்.

நம்மவர் நம்பும் நான்கு தூண்கள்

முதுமைக்கென நம்மவர் எதுவும் செய்வதில்லை என்று கூறுவது தவறு. நகை, ஊர் வீடு, சீட்டு, மகன் ஆகிய நான்கையும் நம்பியே பலரும் வாழ்கின்றனர். நான்கும் நல்லவையே. ஆயினும் ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து நம்புதல் வேண்டும்.

நகை அவசரத்துக்கு உதவும். எனினும் அடகுக் கடைக்குப் போன நகையின் வட்டியைக் கட்ட முதுமையில் வருமானம் எங்கிருந்து வரும்? ஊர் வீடு நிழல் தரும். நாமே குடியிருக்கும் வரையில் அது மாதம் ஒரு ரூபாயும் தராது, பழுது பார்க்கும் செலவையே தரும். சீட்டு, ஒரு மொத்தச் செலவுக்கு ஏற்றது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதாயின் ஓரளவு பாதுகாப்பும் உண்டு. ஆனால் முப்பது ஆண்டுகள் நீளும் முதுமைச் சேமிப்புக்கு இருபது மாதச் சீட்டு பொருந்தாது. எடுத்த பணம் ஒரு திருமணத்தோடு தீர்ந்துவிடும். மகனைப் பற்றி நாம் ஒன்றும் குறைத்துச் சொல்லோம். அவனுக்கும் அன்று வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம். பெற்றோர் கையில் மாதம் ஐயாயிரம் ரூபாய் இருப்பின், மகன் வீட்டில் அவர்கள் இருக்கும் இருப்பே வேறு.

சர்க்கார் உதவி உண்டே எனச் சிலர் கூறுவர். தமிழ் நாட்டில் 1962 முதல் முதியோர் உதவித் தொகை வழங்கப்பட்டு வருகிறது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஆதரவற்றோர்க்கு உரியது. அந்நாட்டில் வசிப்போர்க்கு உரியது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு 60 வயது முதல் 200 ரூபாயும், 80 வயது முதல் 500 ரூபாயும் தருகிறது. மகாராஷ்டிரத்தின் உதவித் திட்டங்களுக்கும் வருமான வரம்பு முதலிய நிபந்தனைகள் உண்டு. வாழ்நாளெல்லாம் மும்பையில் உழைத்து, அறுபதில் ஊர் திரும்புகின்றவர், இங்கே விலாசத்தை இழந்து, அங்கே விலாசம் பெறாது இரண்டுக்கும் இடையே நிற்க நேரிடும். புலம்பெயர்ந்த குடும்பங்கள் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாற்பது வயதுக்கு உட்பட்டோர்க்கு

18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் முதலில் அறிய வேண்டுவது, 2015-இல் தொடங்கப்பெற்ற அடல் பென்ஷன் யோஜனா. சேமிப்புக் கணக்குள்ள பாங்கியிலோ தபால் நிலையத்திலோ இதில் சேரலாம். அறுபது வயது முதல் மாதம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000 ரூபாய் ஆகிய ஐந்தில் நாம் தேர்ந்த தொகை, குறையாது என்ற அரசின் உறுதியோடு கிடைக்கும். சந்தாதாரர் மறைந்தால் அதே தொகை அவருடைய மனைவிக்கு அல்லது கணவருக்கு வரும். இருவர்க்கும் பின், 5,000 ரூபாய்த் திட்டமாயின் 8,50,000 ரூபாய் நியமிக்கப்பட்ட வாரிசுக்குச் சேரும். வருமான வரி செலுத்துவோர் மட்டும் 2022 அக்டோபர் 1 முதல் இதில் புதிதாய்ச் சேர இயலாது.

எந்த வயதில் சேர்கிறோம் என்பதே இதில் முக்கியம். மாதம் 5,000 ரூபாய் பெற விரும்புபவர் 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும். 30 வயதில் 577 ரூபாய். 40 வயதில் 1,454 ரூபாய். மொத்தக் கணக்கைப் பாருங்கள். 18 வயதில் சேர்ந்தவர் 42 ஆண்டுகளில் கட்டுவது 1,05,840 ரூபாய். 30-இல் சேர்ந்தவர் 30 ஆண்டுகளில் கட்டுவது 2,07,720 ரூபாய். 40-இல் சேர்ந்தவரோ 20 ஆண்டுகளிலேயே 3,48,960 ரூபாய் கட்டுகிறார். மூவர்க்கும் கிடைப்பது ஒரே 5,000 ரூபாய்தான். முப்பது வயதினர்க்கு இது நாளொன்றுக்கு இருபது ரூபாய்க்கும் குறைவு. கடையில் வேலைக்கு இருக்கும் தம்பிக்கு இன்றே சொல்லி வைத்தால், அவனுக்கு நாள் ஒன்றுக்கு ஏழு ரூபாயில் முடிந்துவிடும்.

மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர்க்காக 2019-இல் மற்றொரு திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் பெயர் பிரதான் மந்திரி ஷ்ரம் யோகி மான்தன். வயதுக்கேற்ப 55 முதல் 200 ரூபாய் வரை நாம் கட்ட, அதே அளவு பணத்தை மத்திய அரசும் கட்டுவது இதன் சிறப்பு. 29 வயதில் சேர்பவர் கட்ட வேண்டியது 100 ரூபாய். அறுபதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் சந்தாதாரர்க்குப் பின் துணைவர்க்குப் பாதியே வரும். இருவர்க்கும் பின் பிள்ளைகளுக்கு ஒன்றும் வாராது. இந்த வேற்றுமையை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலைவாசி என்னும் அரிப்பு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 5,000 ரூபாய் என்பது அன்றைய 5,000 ரூபாய். இன்றைய 5,000 அன்று. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால் சுமார் 12 ஆண்டுகளில் இரு மடங்காகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். இன்று 36 வயதுள்ளவர் அறுபதில் பெறும் 5,000 ரூபாய், இன்றைய 1,250 ரூபாய் வாங்கும் பொருளையே வாங்கும். எனவே மேற்சொன்ன திட்டங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் ஓரளவு கைகொடுக்கும். வாடகைக்கும் வைத்தியத்துக்கும் போதா. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, மேலே மற்றொன்று கட்டியாக வேண்டும்.

அதற்கு ஏற்றது, பி.பி.எப். என்று வழங்கும் பொது வருங்கால வைப்பு நிதி. 1968 முதல் உள்ள இது, சொந்தத் தொழில் செய்வோரும் சேரத்தக்கது. வயது வரம்பும் வருமான வரம்பும் இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், மிகுந்தது 1,50,000 ரூபாய் கட்டலாம். காலம் 15 ஆண்டு. பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலில் 7.1 சதவிகிதமாக வைக்கப்பட்ட வட்டி, 2025 முழுவதும் அவ்வாறே இருந்தது. இவ்வட்டி நீடித்தால், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 12,000 ரூபாய் கட்டி வருபவர்க்குப் பதினைந்தாம் ஆண்டின் முடிவில் சுமார் மூன்றே கால் லட்சம் சேரும். வியாபாரிகள் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு: கடன் வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. கடை மூழ்கினாலும் இது மூழ்காது.

நாற்பதைக் கடந்தவர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. பி.பி.எப். அவர்களுக்கும் உண்டு. 2009 மே 1 முதல் பொதுமக்கள் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். ஆனால் அதன் பலன் சந்தையைப் பொறுத்தது, உறுதி கூறப்பட்டதன்று. அறுபதை எட்டியபின் கையில் ஒரு மொத்தத் தொகை வந்தால், கடையை விற்ற பணமாயினும் சரி, அதை உறவினர் தொழிலில் போடாது, தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெறுதல் நலம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சொல். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பவர் ஆண்டுக்கு 36 சதவிகிதம் கொடுக்கிறார். ஏழு சதவிகிதம் தரும் சேமிப்பு அதற்கு ஈடாகாது. முதலில் அக்கடனை அடைப்பதே அவர்க்குச் சேமிப்பு.

தவணை தவறாதிருக்க

நாள் வருமானக்காரர்க்குள்ள இடையூறு, பணம் ஒரே சீராக வாராமை. மே மாதத்தில் வாடிக்கைக்காரர் ஊருக்குப் போய்விடுவர். ஜூன் முதல் நான்கு மாதம் மழை. கணபதி விழாவும் தீபாவளியும் வந்தால் கை நிறையும். அடல் திட்டத்தில் மாதத் தவணை மட்டுமன்றி, மூன்று மாத, ஆறு மாதத் தவணையும் உண்டு. நல்ல மாதத்தில் தவணை விழும்படி அமைத்துக்கொள்வது அறிவுடைமை. இதற்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கொன்று வைத்து, நாள்தோறும் கல்லாவை எண்ணும்போதே முதற் பங்கை எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை அதில் கட்டிவிடுங்கள். மிஞ்சியதைச் சேமிப்போம் என்றிருப்போர்க்கு மிஞ்சுவதே இல்லை.

இனி, நம்மவர்க்கே உரிய தொல்லை ஒன்று: பெயர். ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர். மும்பையில் குடும்பப் பெயர் கேட்டதால் தந்தை பெயரைப் பின்னால் சேர்த்து ஆதாரில் ஒரு பெயர். பாங்கிப் புத்தகத்தில் மூன்றாவது ஒரு பெயர். கட்டும்போது எவரும் கேளார். வாங்கும்போது எல்லோரும் கேட்பர். கணவர் மறைந்தபின், இரண்டு பெயரும் ஒருவர்தாம் என மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கும் கைம்பெண்களை நாம் கண்டிருக்கின்றோம். உடலில் வலுவுள்ளபோதே மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன் தாயார் பெயரை வாரிசாக எழுதியவர்கள் அதைப் புதுப்பிக்கவும். கைப்பேசி எண்ணை மாற்றினால் பாங்கிக்குத் தெரிவிக்கவும்.

மற்றொன்று நம் இல்லங்களைப் பற்றியது. மாவரைப்பவர், முறுக்குப் பிழிபவர், கணக்கு வைப்பவர் பெரும்பாலும் மனைவியே. கடையின் பெயரும் கணக்கும் கணவருடையவை. உழைப்பு இருவருடையதாயின் உபகாரச் சம்பளமும் இருவர்க்கும் வேண்டும். அடல் திட்டத்தில் கணவன் மனைவி இருவரும் தனித்தனியே சேரலாம். இருவரும் சேர்ந்தால், அறுபதில் அவ்வீட்டுக்கு வருவது 10,000 ரூபாய்.

செலவுப் பக்கத்திலும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 70 வயது நிரம்பியோர் யாவர்க்கும், வருமானம் பாராது, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. எனினும் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ரயிலில் முதியோர்க்கு அளிக்கப்பட்டு வந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஊருக்குப் போய்வர இனி முழுக் கட்டணம் எனக் கொண்டே கணக்கிடுங்கள்.

இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பாங்கிப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் நாற்பதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களுள் முப்பத்தொன்பது நிறைந்தவர் எவரேனும் இருப்பின், அவரை இவ்வாரமே பாங்கிக்கு அனுப்புங்கள். வயது நாற்பதைத் தாண்டியபின் அக்கதவு திறவாது.

வாரிசு நியமனத்துக்கும் உயிலுக்கும் உள்ள வேற்றுமையை அடுத்த இதழில் காண்போம்.