அழகில்லாத பூச்சிக்கு ஆயுள் இல்லை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பெரியம்மா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தட்டைப்பயறுக் கொடியில் கறுப்பாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு. கூடவே குரல்: "என்ன புழுன்னு தெரியலீங்ணா. கடைல படத்தக் காட்டி மருந்து வாங்கி அடிச்சுட்டேனுங்க." அடித்து முடித்த பிறகு என்னிடம் எதற்கு விசாரணை?

அது பொறிவண்டின் புழு. படத்தைப் பெரிதாக்கினால் கொழுந்தெல்லாம் கறுப்பு அசுவினி அப்பிக் கிடப்பது தெரிகிறது. அதில் ஒன்று இந்தப் புழுவின் வாயில். சம்பளம் கேட்காமல் வேலைக்கு வந்த ஆள்!

ஊர்வதெல்லாம் எதிரி என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. இதே புழு சிவப்புச் சட்டை போட்டு வண்டாகியிருந்தால் தம்பி ஸ்டேட்டஸ் வைத்திருப்பான். அம்மாவுக்கு லைக், பிள்ளைக்கு விஷம். இந்தக் குடும்பத்திலேயே உருப்படாத ஒன்று உண்டு: கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் 28 புள்ளி வண்டு. பளபளப்பு இருக்காது, முதுகில் பூனைமயிர். அதை "அழகா இருக்குதே" என்று விட்டுவிடுவார்கள்.

குளவி என்றால் செருப்பைத் தேடுவோம். 2008இல் கோயமுத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று ஏறிக்கொண்டே போனது. உடம்பெல்லாம் மெழுகு, எந்த பாட்டிலுக்கும் அசையவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கடுகளவுகூட இல்லாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. அதற்கு யார் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்?

இடுக்கி மலையில் கூத்து இன்னும் பெரிது. ஏலப்பூ ஒரே நாள் பூ. விடியலில் விரிந்தது வாடுவதற்குள் தேனீ வந்து போனால்தான் காய். வண்டன்மேட்டிலும் உடும்பஞ்சோலையிலும் இலைப்பேனுக்கு என்று பூவின் மேலேயே அடிப்பார்கள். பிறகு காய் பிடிக்கவில்லை என்று டானிக் வாங்குவார்கள். ஹோஸ் பிடிப்பவர் கம்பத்திலிருந்தோ தேவாரத்திலிருந்தோ இருட்டோடு ஜீப்பேறி வந்தவர். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் கவசம். கூலி பேசும்போது கையுறைக்கு யார் காசு எடுத்து வைக்கிறார்கள்? எண்டோசல்பான் பூச்சிமருந்தால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டுக் குழந்தைகளின் படங்களைப் பார்த்துக் கண்கலங்கிய கேரளம் இது. 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நிறுத்தியது. கடை அலமாரியில் வேறு லேபிள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அலமாரிக்காரரையும் சொல்லியாக வேண்டும். இருமலுக்குக்கூட மருந்துக்கடையில் இரண்டு கேள்வி கேட்பார்கள். இங்கே செல்போனில் மங்கலாக ஒரு புழு தெரிந்தால் போதும், பாட்டில் கைக்கு வந்துவிடும். பொறிவண்டுப் புழுவுக்கு ஒரு விலை, சிலந்திக்கு ஒரு விலை, தயிர்க்கடைப்பூச்சிக்கு ஒரு விலை என்று பட்டியல் போட்டாலும் வியப்பில்லை.

அசுவினிக்கு ஆண் துணைகூட வேண்டாம். தப்பிப் பிழைத்த ஒரு பெண் தனியாகவே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகும். பொறிவண்டு முட்டை விட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி எழுந்து வர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் கொழுந்து மறுபடி கறுத்துவிடும். கடைக்காரர் அடுத்த பாட்டிலை எடுத்து வைப்பார்: "போன தடவை கொடுத்ததைவிட இது கொஞ்சம் ஸ்ட்ராங்குங்க."