உபகாரச் சம்பளமும் மாநில எல்லையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் தாராவியிலும், மாதுங்காவிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளில் இரண்டு நாள் மகிழ்ச்சி இருக்கும். மூன்றாம் நாள் கணக்கு ஆரம்பமாகிவிடும். கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, புத்தகச் செலவு எவ்வளவு, ரயில் பாஸ் எவ்வளவு, வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்ட பிறகு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளையே, "வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

ஏழைப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு அரசாங்கங்களிடம் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. திட்டங்கள் ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. பிழைப்பைத் தேடி எல்லையைத் தாண்டியவரின் பிள்ளை, இரண்டு பக்கத்துக்கும் அந்நியமாகிவிடுகிறது.

தமிழகத்தில் 2022-ம் ஆண்டு புதுமைப் பெண் திட்டமும், 2024-ம் ஆண்டு தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. கல்லூரி செல்லும் ஏழைப் பிள்ளைகளுக்கு மாதம் ரூ. 1,000 என்பது சிறிய உதவியல்ல. 2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் பொறியியல் போன்ற படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்றது. பாராட்டத்தக்க ஏற்பாடுகள்தாம். ஆனால் இவையெல்லாம் தமிழகப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கென்று வகுக்கப்பட்டவை. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பெண், திருநெல்வேலியில் பாட்டி வீட்டில் தங்கிக் கல்லூரியில் சேர்ந்தால், அவளுக்கு இந்த ஆயிரம் ரூபாய் இல்லை. தமிழிலேயே படித்திருந்தாலும், அரசாங்கப் பள்ளியிலேயே படித்திருந்தாலும் இல்லை.

மகாராஷ்டிரத்திலும் உதவிகள் உண்டு. ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்கு உட்பட்ட பிற்பட்ட, நலிந்த பிரிவுக் குடும்பங்களின் பெண்களுக்கு, தொழிற்கல்விப் படிப்பில் போதனைக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்று 2024-ல் உத்தரவாயிற்று. ஆனால் மாநிலத்து உதவியைப் பெற 'டொமிசைல்' சர்டிபிகேட் வேண்டும். அதற்குப் பதினைந்து ஆண்டு வாசம் காட்ட வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்குக் கிடைக்காது.

அதையும் தாண்டினால் ஜாதிச் சான்று என்னும் இரண்டாவது வாசல் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1950 ஆகஸ்டு 10-ந் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கு குடியேறியது என்று காட்ட முடிந்தால்தான் இந்த மாநிலத்துச் சலுகை. தாத்தா மில்லில் வேலை பார்த்த காலத்துக் காகிதத்தை இன்று எந்த வீட்டில் தேடுவது?

இந்தப் பிரச்சினை நீதிமன்றத்துக்கும் போயிற்று. தந்தையின் உத்தியோகத்தை முன்னிட்டுச் சிறு வயதிலேயே ஆந்திரத்திலிருந்து மும்பைக்கு வந்த ஒரு மாணவர், மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். சொந்த மாநிலத்தில் உள்ள சலுகையைக் குடியேறிய மாநிலத்தில் கோர முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டசபைகளோ பார்லிமெண்டோ கவனிக்க வேண்டிய விஷயம் இது என்றும் அவர்கள் குறிப்பிட்டார்கள். 2018-ல் வந்த மற்றொரு தீர்ப்பும் முந்தியதையே உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. கல்லூரி இடங்கள் அளவானவை. வெளியிலிருந்து வந்தவருக்கு ஓர் இடம் கொடுத்தால், இந்த மண்ணின் ஏழை ஒருவருக்கு ஓர் இடம் குறையும். ஆனால் இடம் வேறு, பணம் வேறு. பொதுப் போட்டியில் தன் மார்க்கைக் கொண்டு இடம் பெற்றுவிட்ட பிள்ளைக்குச் சொந்த மாநிலம் கட்டணம் கொடுத்தால், யாருடைய பங்கும் குறையப் போவதில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் உபகாரச் சம்பளத் திட்டத்தின் விதியும் அதுதான். மாணவர் எங்கே படித்தாலும், அவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலமே பணம் தர வேண்டும். விதி இருந்தும் பலன் எட்டாததற்குக் காரணம், ஊரில் ரேஷன் கார்டும் இல்லாமல், விலாசமும் இல்லாமல், தாசில்தார் ஆபீசுக்கு நடக்க லீவும் இல்லாமல் இருப்பதுதான்.

எல்லை பாராத உதவிகளும் சில உண்டு. அவை பலருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு, மத்திய அரசின் கல்வி இலாகா பட்டப் படிப்பில் ஆண்டுக்கு ரூ. 12,000 வழங்கும் திட்டம் உள்ளது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர்தான் என்பது அதன் குறை. கட்டிடத் தொழிலாளர் நலனுக்கான 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. அப்படிப் பதிவு செய்த கொத்தனாரின் மகனுக்கும் மகளுக்கும் நல வாரியத்தின் கல்வி உதவி உண்டு.

பாங்குக் கடனும் உண்டு. ரூ. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது. கடனில் கவனிக்க வேண்டியது வட்டி. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்கினால், படிப்பு முடிந்து மேலும் ஓராண்டு கழிவதற்குள் 10 சதவீதத் தனி வட்டி மட்டும் ரூ. 1,40,000 ஏறிவிடும். வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, அங்கீகாரம் பெற்ற தொழிற்கல்வி நிலையங்களில் இந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. கேட்காதவர்களுக்கு அது தானாக வராது. கையெழுத்துப் போடும் முன்பே பாங்கில் கேட்க வேண்டும்.

ஆனால் குடும்பங்களின் விழிப்பு மட்டும் போதாது. தமிழக அரசு இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, பிற மாநில அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் படித்துவிட்டுத் தமிழகக் கல்லூரியில் சேரும் ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மாத உதவியை நீட்டிக்கலாம். மற்றொன்று, ஜாதி, வருமானச் சான்றுகளுக்காக ஆண்டுக்கு ஒரு முறை மும்பையிலேயே முகாம் நடத்தி மனுக்களைப் பெற்றுக்கொள்ளலாம். அயலகத் தமிழர் நலனுக்கென்று ஆணையரகமே வைத்திருக்கும் அரசுக்கு இது பெரிய சுமையாகாது. மகாராஷ்டிர அரசும், இங்கு உழைத்து இங்கேயே வரி செலுத்தும் தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தருவதில் பதினைந்து ஆண்டு என்ற கணக்கைத் தளர்த்தலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் அதே மைதானத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, எந்தெந்தச் சான்றுகளை எப்போது வாங்க வேண்டும் என்று ஒரு நாள் சொல்லித் தரலாம். அட்மிஷன் சமயத்தில் ஓடுவதைவிட, இரண்டு வருஷம் முன்பே நடப்பது சுலபம்.

இந்த நகரத்தின் கட்டிடங்களிலும், தோல் பட்டறைகளிலும், ஆபீசுகளிலும் தமிழரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பை வாங்கிக்கொள்ளும்போது எந்த மாநிலமும் சர்டிபிகேட் கேட்கவில்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்கும்போது மட்டும் இரண்டு மாநிலமும் கையை விரிப்பது முறையல்ல. அடுத்த கல்வி ஆண்டுக்குள்ளாவது இரு அரசுகளும் இதற்கு வழி காண வேண்டும்.