பழுத்த புகையிலையும் பழுக்காத வாதமும்

பைப் எனப்படும் சுங்கானுக்குரிய புகையிலையைக் கண்ணாடிச் சாடியில் காற்றுப் புகாது அடைத்துப் பத்தாண்டு காத்திருந்து புகைப்பதை ஒரு கலையெனப் போற்றுவோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் கூற்றில் பாதி மெய். சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுக்கும். நாவைச் சுடும் காரம் தணியும். புகையூட்டிய லட்டாக்கியாவோ மணம் குன்றும். (அதைச் சேமிப்போர் எதற்குக் காத்திருக்கின்றனரோ!)

'பழுத்துவிட்டது, இனித் தீங்கில்லை' என்கின்றனரே, அதைத்தான் மறுக்கிறேன். தணிவது காரமே, நிக்கோடின் அன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்தால், புற்றுநோய் விளைக்கும் நைட்ரோசமின்கள் இருப்பிலேயே பெருகவும் கூடும். குளிரூட்டாத மலேசிய வீட்டு அலமாரி எத்தகையதென நான் சொல்ல வேண்டுமா? 'உள்ளிழுப்பதில்லையே' என்பர். உதட்டையும் வாயையும் தொண்டையையும் தொடாத புகை உண்டோ? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1986-இல் புகைத்தலைப் புற்றுநோய்க் காரணியென உறுதி செய்தபோது சுங்கானுக்கு விலக்களிக்கவில்லை.

முதன்முதலாகப் புகைக்கும் இளைஞனை அந்தக் காரமாவது முகஞ்சுளிக்க வைக்கும். அதையும் பக்குவமாய் நீக்கி, வீட்டுப் பிள்ளைகளின் கண்ணெதிரே அழகுப்பொருளாய் அடுக்கிவைப்பானேன்?