கோப்பை வந்தது, கதவு திறக்கவில்லை



கடந்த வாலிபர் கூடுகையில் 75-ஆம் சங்கீதத்தைத் தியானித்தோம். உயர்வு எந்தத் திக்கிலிருந்தும் தானாய் வந்து சேருவதன்று, அது ஆண்டவருடைய கரத்தில் இருக்கிறது என்று கற்பிக்கும் பகுதி அது. புத்தாண்டு ஆராதனைகளில் நான் அடிக்கடி எடுத்தாண்டிருக்கிறேன். கூடுகை முடிந்து விளக்குகளை அணைக்கும் வேளையில், கால்பந்து என்றால் உணவையும் மறந்துவிடும் நம் சபைத் தம்பி ஒருவன் அருகில் வந்தான். "ஐயா, சென்னை சிட்டி முதலிடம் பிடித்தும் மேல் லீக்குக்குப் போகவில்லையே. அதையும் ஆண்டவர்தான் தடுத்தாரா?" என்று கேட்டான்.

"எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு, தம்பி" என்றேன். அவன் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டுப் போனான். அந்தத் தலையசைப்பு இந்த வாரம் முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இந்த விளையாட்டில் நாட்டமில்லாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். சிவகிரிக்கு மேற்கே நிற்கும் மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே உலகக் கோப்பைக் காலத்தில் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினாவும் பிரேசிலும் கொடியாய்ப் பறக்கும். அந்தக் காற்று நம் பிள்ளைகள்மீதும் வீசுகிறது. நம் மாநிலத்துக்கும் பெருமைக்குரிய ஒரு நாள் உண்டு. 2019 மார்ச் 9. பெயரில் சென்னையும் மைதானத்தில் கோவையுமாக இருந்த சென்னை சிட்டி அணி, ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டத்தில் பஞ்சாபின் மினெர்வா அணியை எதிர்கொண்டது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் அணி அதே வேளையில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்று, கோவையில் ஆட்டம் சமனாய் முடிந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினெர்வா கோல் அடித்தது. இடைவேளை வரை சென்னை சிட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. பிற்பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் இரண்டு கோல்களை அடித்தவர், கோல் விடாமல் காப்பதையே வேலையாகக் கொண்ட தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது. 43 புள்ளிகளுக்கு 42. ஒரே புள்ளியில் தமிழ்நாட்டு அணி ஒன்று முதன்முறையாக ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது.

ரசிகனின் நம்பிக்கையைக் குறித்து ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். பெரியவர்களாகிய நாம் அதை எளிதில் ஏளனம் செய்துவிடுகிறோம். அவனால் பந்தைத் தொட முடியாது. அவன் போடும் கூச்சல் ஆட்டக்காரரின் காதில் விழுகிறதோ இல்லையோ, அதுவும் நிச்சயமில்லை. ஆனாலும் தன் கையில் இல்லாத ஒன்றுக்காக மழையிலும் வெயிலிலும் நின்று காத்திருக்கிறான். தோற்றால் மறுவாரமும் வருகிறான். இவ்வளவு உண்மையோடு நாம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறோமா என்று எனக்கு ஐயமுண்டு. அது நிற்க.

கோப்பை வந்தது. அடுத்து என்ன? பல நாடுகளில் கீழ்ப்பிரிவில் வென்றவன் மறு ஆண்டு மேல்பிரிவில் ஆடுவான். அங்கே கடைசியில் வந்தவன் கீழே இறங்குவான். நம் நாட்டில் அன்று அப்படி இருக்கவில்லை. 2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். லீக்கில், கட்டணம் செலுத்தி இடம் பெற்ற அணிகள் ஆடின. பணமும் தொலைக்காட்சியும் புகழும் அங்கே சேர்ந்தன. ஐ-லீக்கில் வென்று அங்கே ஏறுவதற்குப் படியே வைக்கப்படவில்லை. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மிசோரமின் ஐஸால் அணி 2017-இல் ஐ-லீக்கை வென்று நாட்டையே வியக்க வைத்தது. அதற்கும் கதவு திறக்கவில்லை. சென்னை சிட்டி வென்ற அந்த 2019-இலேயே, இனி நாட்டின் முதல் நிலை லீக் ஐ.எஸ்.எல்.தான் என்று முடிவாயிற்று. வென்றவர்கள் வென்ற இடத்திலேயே இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

பின்பு நடந்ததையும் கேளுங்கள். அன்று இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால், 2020-இல் முதலீட்டாளரின் துணையோடு ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. அன்று கோவையில் தோற்ற மினெர்வா, கைமாறிப் பெயர்மாறி, 2022-23-இல் ஐ-லீக்கை வென்று, கட்டணமின்றி மேலேறிய முதல் அணியாயிற்று. வென்ற சென்னை சிட்டியோ 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை. அந்த மார்ச் மாலையில் கோவையில் குரல் வற்றக் கத்திய ஒருவன் இன்று எந்த அணிக்காகக் கத்துவான்?

தம்பியின் கேள்விக்கு இப்போது திரும்புகிறேன். அதை ஆண்டவர் தடுக்கவில்லை. மனிதர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய விதி தடுத்தது. களத்தில் தோற்பது ஒன்று. அதை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். வென்றபின் கதவு சாத்தப்பட்டிருப்பது வேறொன்று. அதற்கும் 'தேவசித்தம்' என்று பெயர் சூட்டி, பொறுத்திரு என்று சொல்லும்போது, சாத்தினவனை விடுவித்துவிட்டு ஆண்டவர்மேல் பழி சுமத்துகிறோம். போதகர்களாகிய நாங்கள் இதில் கைதேர்ந்தவர்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். மத்தேயு 23-இல் ஆண்டவர் வேதபாரகர்மேல் சுமத்தும் குற்றங்களில், தாங்களும் நுழையாமல் மற்றவர் முகத்துக்கு நேரே வாசலை அடைப்பதும் ஒன்று. அடைபட்டவர்களைப் பொறுமையாய் இருங்கள் என்று அங்கே அவர் சொல்லவில்லை.

விதி மாறியதும் வெறுமனே காத்திருந்ததால் அல்ல. 2019-இல் பல ஐ-லீக் அணிகள் சூப்பர் கோப்பையைப் புறக்கணித்தன, எதிர்த்துப் பேசின, கடிதம் எழுதின. அதே ஆண்டு அக்டோபரில்தான், 2022-23 முதல் ஐ-லீக் வெற்றியாளர் கட்டணமின்றி மேலேறலாம் என்ற திட்டத்துக்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் தந்தது. நாமும் இதை அறியாதவர்களல்ல. அந்த ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்குமுன் எத்தனை மனுக்கள், எத்தனை கூட்டங்கள்! உயர்வு ஆண்டவர் கையில் என்று விசுவாசித்துக்கொண்டேதான் அவற்றில் கையெழுத்திட்டோம்.

ஆயினும் எல்லாருக்கும் கதவு காலத்தில் திறந்துவிடும் என்று இனி நான் பிரசங்கிக்க மாட்டேன். விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிவரும் எபிரெயர் 11, அவர்கள் நற்சாட்சி பெற்றும் வாக்களிக்கப்பட்டதை அடையவில்லை என்று முடிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. சென்னை சிட்டி ஆடியது வீணாயிற்று என்று நான் எண்ணவில்லை. ஆனால் அவர்களுக்குச் சேரவேண்டியது அவர்களைச் சேரவில்லை. அதை இனிப்பான சொல்லால் மூடக்கூடாது.

லீக் நிர்வாகிகளைக் கேட்கும் துணிவு எனக்கு வந்தபின், நம் ஆலயத்துக்குள் பார்க்காதிருக்க முடியவில்லை. 20 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். காணிக்கையில் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வைக்கத் தெரிந்த வாலிபர் இருக்கிறார்கள். சேகரக் குழுவுக்குப் பெயர் கொடுக்கும் நாளில் அவர்கள் பெயர் வருவதில்லை. வருகிற பெயர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன, எந்தத் தெருக்களிலிருந்து வருவதேயில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நானும் தெரிந்தே பேசாதிருந்தேன். அந்தத் தம்பியும் அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்துதான் ஆராதனைக்கு வருகிறான்.

புதிய குழுவுக்கான வேட்புமனு நாள் நெருங்குகிறது. ஒரு பெயரை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் நான் அதைச் செய்ய இயலாது. இதுவரை வராத தெருவின் பெயரைச் சொல்லத் துணிந்தவர்கள், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குருமனைக்கு வாருங்கள். படிவங்களை எடுத்து வைத்திருப்பேன்.