மேசைகள் காலியாகலாமா?

கெப்பாலா பத்தாஸ் போன்ற சிறுநகரங்களில் குடியிருப்புக்கு அருகே இருக்கும் உணவகம், பசியைப் போக்குவதோடு மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்தும் வைக்கிறது. ஆகவே, முடிந்தபோதெல்லாம் உணவைப் பொட்டலமாக வாங்கிச் செல்லாமல் அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்பது என் கருத்து.

விடியற்காலையில் அத்தகைய உணவகம் ஒன்றைக் கவனியுங்கள். ரொட்டி சானாய் மாவை வீசும் ஓசை கேட்கும். மருத்துவமனையில் இரவுப் பணியை முடித்த தாதி, வயலுக்குப் புறப்படும் மலாய்க்கார விவசாயி, சந்தையிலிருந்து திரும்பும் சீன மூதாட்டி, நாளிதழ் வாசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எனப் பலரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருப்பர். யாருக்குச் சீனி குறைத்த தே தாரேக், யாருக்குத் தே ஓ என்பது கடைக்காரருக்குத் தெரியும். நாள்தோறும் வரும் முதியவர் இரண்டு நாள் வராவிட்டால், "தாத்தாவைக் காணோமே!" என்று விசாரிக்கும் குரலும் அங்கிருந்து எழும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், 1989ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இத்தகைய இடங்களை 'மூன்றாம் இடம்' என்று குறிப்பிட்டார். வீடு முதல் இடம். பணியிடம் இரண்டாம் இடம். பதவியும் வசதியும் பாராமல் மக்கள் கூடிப் பேசும் பொது இடமே மூன்றாம் இடம். பினாங்கு மக்களுக்கு இது புதிதன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் கறியையும் காவுதடியில் சுமந்து விற்றதால்தான் 'நாசி கண்டார்' என்னும் பெயர் வந்தது. அன்று தெருத்தெருவாகச் சுமந்து விற்கப்பட்ட உணவை, இன்று எல்லா இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் உண்கின்றனர்.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றின் சுவைக்கு மட்டும் கிடைத்த சிறப்பன்று அது. பல இனத்தவர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பழக்கத்திற்கும் கிடைத்த சிறப்பாகும்.

கைப்பேசியில் பதிவு செய்தால் உணவு வாசலுக்கே வரும்போது, கடைக்கு ஏன் செல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நோயாளிகளுக்கும் நேரமில்லாதவர்களுக்கும் அச்சேவை பேருதவியாக இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதுவே அன்றாட வழக்கமாகிவிட்டால் உணவகம் வெறும் சமையற்கட்டாகிவிடும். விற்பனையில் ஒரு பங்கைச் சேவை நிறுவனத்திற்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் சிறு கடைக்காரரின் இலாபமும் குறையும். உணவு வீடு தேடி வரும். உரையாடலும் நட்பும் அவ்வாறு வாரா.

எனவே, வாரத்தில் ஒரு நாளேனும் குடும்பத்தோடு அருகிலுள்ள உணவகத்திற்குச் செல்வோம். கைப்பேசியை ஓரமாக வைப்போம். உணவு பரிமாறுபவரின் பெயரைக் கேட்டறிவோம். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் நலம் விசாரிப்போம். உலக அங்கீகாரம் நம் பண்பாட்டிற்குப் பெருமை சேர்க்கலாம். அப்பண்பாட்டை வாழவைப்பது, அந்த மேசைகளில் வந்து அமரும் நம் கையில்தான் உள்ளது.