கேட்டவர்தான் எழுதோணும்

பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டாச்சு. வைஃபை மட்டும் வேலை செய்யேல்லை. வழிகாட்டியைத் திறந்தால், அது எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு எழுதினமாதிரி இருக்கு. வட்ஸ்அப் குழுவில் கேக்கிறம். ஒரு அண்ணா விடை சொல்லுறார், பிரச்சினை தீருது. மூன்று மாதம் கழிச்சு ஒரு தங்கச்சி அதே கேள்வியைக் கேக்கிறா. பழைய விடை எங்கயோ மேல போயிட்டுது. அண்ணாவும் களைச்சுப்போனார்.

இதுக்கு மருந்து விக்கி என்பதுதான் எங்கள் வாதம். விக்கி என்றதும் 2001இல் வந்த விக்கிப்பீடியாதான் ஞாபகம் வரும். ஆனால் முதல் விக்கியை வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் தொடங்கியதே, நிரல் எழுதுபவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரத்தான். மென்பொருள் அறிவைச் சேர்த்துவைப்பது அதன் பிறவித்தொழில்.

ஆர்ச் விக்கியைப் பாருங்கோ. ஆர்ச் லினக்ஸ் பாவிக்கிற ஆக்கள் சேர்ந்து எழுதுவது. உபுண்டு, ஃபெடோரா பாவிக்கிறவையும் சிக்கல் வந்தால் அங்கதான் போகினம். ஏன்? மென்பொருளை எழுதினவருக்கு அது எந்த இடத்தில் குழப்பும் எண்டு தெரியாது. இரவு இரண்டு மணிவரை அதோட மாரடிச்சவருக்குத்தான் தெரியும். அவர் காலையில் இரண்டு வரி சேர்த்தால், அடுத்தவருக்கு ஒரு இரவு மிச்சம்.

"ஆரும் எழுதலாமெண்டால் பிழை வராதோ?" வரும். மொசில்லாவின் எம்.டி.என் ஆவணங்கள் பல வருடம் விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில் கிட்ஹப்புக்கு மாறின. இப்போது ஒவ்வொரு மாற்றமும் பார்வையிடப்பட்ட பிறகே வெளியாகிறது. உலகமே நம்பும் ஆவணத்துக்கு அந்தக் காவல் தேவை. ஆனால் இருபது, முப்பது பேர் உள்ள குழுவுக்குக் காவலைவிடத் திறந்த கதவுதான் முக்கியம். கிட் பழக்கமில்லாத ஒருவர் ஒரு சொல்லைத் திருத்தவே தயங்குவார். விக்கியில் பிழை வந்தால், பக்க வரலாற்றுக்குப் போய்ப் பழையபடி மாற்றிவிடலாம்.

நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. ஜென்டூ லினக்ஸ் பாவனையாளர்கள் தாங்களாகவே நடத்திய விக்கியின் தரவுத்தளம் 2008இல் அழிந்தது. மீட்கக் காப்புப்பிரதி இருக்கவில்லை. எரிஞ்ச நூலகத்தின் கதையோட வளர்ந்த எங்களுக்கு அந்த இழப்பை விளக்கத் தேவையில்லை. பிரதி எடுக்காத அறிவு, பாதி தொலைஞ்ச அறிவு.

அதே நூலகத்தின் நினைவோடுதான் எங்கட ஆக்கள் நூலகம் தளத்தையும் கட்டியெழுப்பினவை. அது ஓடுவதும் மீடியாவிக்கியில்தான், விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள். ஆக, கருவியும் இலவசம், நடத்திக்காட்டின ஆக்களும் எங்களுக்குள்ளேயே இருக்கினம்.

எங்கள் யோசனை மூன்றுதான். ஒவ்வொரு பக்கத்திலும் எந்தப் பதிப்புக்கு, எந்தத் திகதியில் எழுதியது எண்டு போடுங்கோ. மாதம் ஒருக்கா இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுங்கோ. மூன்றாவதுதான் முக்கியம்: விடை சொன்ன அண்ணா எழுதத் தேவையில்லை, கேள்வி கேட்டவர்தான் எழுதோணும். எங்க தடுக்கி விழுந்தது எண்டு அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும். ஒரு கிழமை போனால் அவரும் மறந்துடுவார்.